பாப்பா என்ற பேரில் ஏற்றிய படம்

என் தங்கச்சி செல்வலட்சுமியின் பெண் குழந்தை, பேர் வைக்க இரண்டு நாள் இருக்கும்போது மூச்சுத்திணறி இறந்துபோனது. பேர் வைக்கும் முன்னால் பிள்ளையைப் படம் பிடித்தால் கண்ணேறு படும் என்று அவள் மாமியார் யாரையும் செல்போனைத் தூக்க விடவில்லை. மாப்பிள்ளை சிவபாண்டி மட்டும் ஒளித்து ஒரு படம் எடுத்து, விசேஷத்தன்று கட்டும் ஃப்ளெக்ஸுக்காக ராஜபாளையத்துக் கடையின் வெப்சைட்டில் ஏற்றியிருந்தார். பிள்ளையைப் புதைத்த அன்றே, இவள் பார்த்துப் பார்த்து அழுவாள் என்று போனிலிருந்து அழித்தும்விட்டார். பெரிய புத்திசாலி.

"கடையில அந்தப் படம் இருக்கும்லக்கா?" என்று ஒரு மாதம் கழித்துத் தங்கச்சி கேட்டாள். அன்றைக்குத்தான் ஒழுங்காக நாலு வாய் சோறு தின்றாள்.

தேவதானத்திலிருந்து பஸ் ஏறினோம். கடையில் டிசைன் போடும் பாண்டிசெல்வி, "படத்துக்கு என்ன பேரு போட்டு ஏத்துனீக?" என்று கேட்டாள்.

"பாப்பான்னு. பேரே வைக்கலயே, வேற என்னத்தப் போட?" என்றேன்.

அவள் திறந்த படத்தில் கன்னத்தில் மைப்பொட்டோடு ஓர் ஆண் கைக்குழந்தை சிரித்தது. தங்கச்சி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எம்பிள்ள இல்ல," என்றாள்.

வெப்சைட் செய்த அலெக்ஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தான். விடுவேனா, தங்கச்சியைக் கையோடு அங்கே இழுத்துக்கொண்டு போனேன். பாவம், அவனும் சாப்பிடாமல் தேடினான்.

"அதே பேர்ல இன்னொரு படம் வந்தா பழசு அழிஞ்சு புதுசு நிக்கிற மாதிரி எழுதிட்டேன்க்கா. பேக்கப்புலயும் புதுசுதான் இருக்கு."

"ஏலே, இந்தப் பக்கம் பேர் வைக்காத பிள்ள அம்புட்டும் பாப்பாதான. உனக்குத் தெரியாதா?"

தலையைக் குனிந்துகொண்டான். "இனிமே ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் விழுற மாதிரி மாத்திருதேன்."

"மாத்தி? இவளுக்கு என்ன கெடைக்கும்?"

தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தம்பி, பேர் வச்சு, அந்தப் பேர்ல ஏத்தியிருந்தா எம்பிள்ள இருந்திருக்குமா?"

பொய் சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இருந்திருக்கும்க்கா," என்றான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழவில்லை. எனக்குத்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மனசுக்குள் எடுத்து வைத்திருந்த பேரை முதலில் பிள்ளை காதில்தான் சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் என் பக்கம் சாய்ந்தாள்.

"யாழினி," என்றாள் என் காதுக்குள். பேர் வைக்கும்போது சொல்வது மாதிரியே, மூன்று தடவை.