லேபிளில் சுஜா அக்கா

ஏழாவது முறையும் வேதமாணிக்கம் அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். புதியம்புத்தூரில் நைட்டி தைத்து விற்கிறவர். மனைவி சுஜா தையல் மிஷின் முன்னால் இருக்கும் போட்டோவைத் தந்து, லேபிளில் போட அந்த முகத்தை ஒரே நிறத்தில் சின்னமாக்கித் தர டிசைனரான என்னிடம் சொல்லியிருந்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா அவ மாதிரி இல்லையே."

எது இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது. கோவில்பட்டி வெக்கையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூக்கையும் புருவத்தையும் நானும் எத்தனை தடவைதான் மாற்றுவது?

"அக்காவையே கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன் எரிச்சலில்.

மறுநாள் சுஜா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். போட்டோவையும் என் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயில ஒரு கோடு இருந்துச்சே?"

"போட்டோவுல கீறல்னு நெனச்சு முதல்லயே அழிச்சிட்டேன் அக்கா."

"கீறல் இல்லட்டி, நூலு. தைக்கும்போது பல்லுல கடிச்சுக்கிடுவேன்."

அண்ணாச்சியின் முகம் தெளிந்தது. "அதேதான். எப்பமும் அப்படித்தான் இருப்பா. அதைப் போட்டுரும்மா."

நான் மவுஸைப் பிடித்தேன். அக்கா என் கையைத் தொட்டார்.

"வேண்டாம்ட்டி. இதுலயாவது நான் தைக்காம இருந்துட்டுப் போறேன்."