திருப்பிப் போடாத அச்சுத்தாள்

1

இந்தக் கதை என் சட்டையிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கற்பனை என்று பாராட்டிவிடக் கூடாது. தையற்கூடத்தில் துணி வெட்டும் வேலை பார்க்கும் என் அண்ணி, வீட்டில் எனக்காக வெட்டித் தைத்த சட்டை. போட்டுப் பார்த்தால் ஒரு கை முறுக்கிக்கொண்டு நின்றது. இரண்டும் இடது கை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், நானும்தான். அண்ணி சிரிக்கவில்லை.

2

தொடக்கம் அமையவில்லை.

"கத்தரிக்கோல் அவள் விரல்களில் ஒரு பறவையாக…" (வேண்டாம். கத்தரிக்கோல் கத்தரிக்கோல்தான்.)

"ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணின் மூளைக்குள்…" (கட்டுரை வாடை.)

வெட்டும் முறையையே சொல்கிறேன். துணியை மடித்து வெட்டினால் ஒன்று இடதும் ஒன்று வலதுமாகத் தானே விழும். கோடு போட்ட துணியை மடித்தால் கோடு விலகும். ஆகவே ஒற்றையாக விரித்து, ஒரு கையை வெட்டிய பிறகு கை வடிவில் வெட்டி வைத்த காகித அச்சுத்தாளைக் குப்புறப் போட்டு மறு கையை வெட்ட வேண்டும். அண்ணி திருப்பிப் போட மறந்துவிட்டார். தைக்கும்போதும் கவனிக்கவில்லை. கூடத்தில் இப்படி நடந்திருந்தால் வேலை போயிருக்கும்.

3

"இந்த வயசுல இப்படித்தான்" என்றார்கள் எல்லோரும். மாதவிலக்கு நிற்கிற காலம், தூக்கமில்லை, மறதி வரும். (அதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.)

அண்ணி பல் பிடுங்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்துவிட்டு, பல்லைத் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து வேறொரு டாக்டர். துணைக்கு நான். சட்டைக் கதையையும் சொன்னேன்.

"அதுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் அந்த டாக்டர் அம்மாள். "ஆனா பிரஷர் ரொம்ப நாளா ஏறியிருந்தா மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாய்ங்க கெட்டுப்போகும். வலிக்காது. இப்பவே இறக்கினா, பின்னாடி பக்கவாதம், மறதி வர்ற வாய்ப்பு குறையும்."

கதைக்கு உதவாத டாக்டர். காரணம் கேட்டால் 'சொல்ல முடியாது' என்கிறார், 'குறையும்' என்கிறார். வேறொருவரை எழுதிப் பார்த்தேன், அவர் எல்லாவற்றுக்கும் அடித்துச் சத்தியம் செய்தார். கிழித்துப் போட்டேன்.

4

இங்கே பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை. மாத்திரையைச் சமர்த்தாக விழுங்குவதாக எழுதினால் பொய்யாகிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எதற்கு மாத்திரை என்பது அண்ணியின் கட்சி. நான் விடாமல் நச்சரித்ததும் உண்மை வந்தது.

"மாத்திரை போட்டா வியாதிக்காரின்னு ஆயிடும். அப்புறம் யாரு என்னை நம்பித் துணியைக் கொடுப்பாங்க?"

மிகவும் வருத்தமாக இருந்தது. (பற்றற்று எழுதுவதாகத்தான் இருந்தேன்.)

5

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு.

அ. மாத்திரை போடுகிறார், முடி நரைத்த பிறகும் வெட்டுகிறார். கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

ஆ. போடவில்லை. ஒருநாள் வெட்டுமேசை முன் நின்று, துணியில் கோடு போடுகிற, அந்த வெள்ளையாக, கையில் ஒட்டுமே, (பெயர் வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.)

6

இன்று அண்ணி வந்தார். டீயை வைத்துவிட்டு மேலே உள்ளதைப் படித்தார். நான் விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சாக்பீஸ்" என்றார். பிறகு, "எத்தனை நாளா உனக்கு இப்படி?"

"தூக்கம் சரியில்ல அண்ணி. இந்த வயசுல இப்படித்தான்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தார். டாக்டர் சொல்லி அண்ணன் வாங்கியது, உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்தார்.

"நான் மாத்திரை போடறேன். நீ கையை நீட்டு."

இடது கையை நீட்டியிருக்கிறேன், வலது கையால் இதை எழுதுகிறேன். பட்டை இறுகுகிறது. அண்ணி எண்களைப் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

"பேனாவைக் கீழ வை. அசைஞ்சா தப்பாக் காட்டும்."

ஆகவே மிச்சத்தை நீங்கள்