கொழுந்தன் செய்த பிங்சு

என் கொழுந்தன் செல்போனைப் பார்த்துக் கொரியாக்காரர்களின் பிங்சு செய்தான். உறைந்த பாலைப் பூவாகச் சீவி, மேலே மாம்பழமும் ஸ்ட்ராபெரியும் குவித்து ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினான். மாமனார் வழித்துச் சாப்பிட்டார். எனக்கும் தேவாமிர்தமாகத்தான் இருந்தது.

"சர்க்கரையே போடல அண்ணி! பால்லயே இனிப்பு இருக்கு."

"எந்தக் கடைப் பால் தம்பி?"

"கடையா? ஃப்ரீசர்ல சின்னச் சின்னக் கவர்ல தட்டையா இருந்துச்சே, அதான். தேதி வேற எழுதியிருந்தீங்க. பழசை முதல்ல தீக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? எல்லாத்தையும் சீவிட்டேன்."

என் கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தேன். கணவரின் கரண்டி வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"அடப்பாவி! நாளைக்கு நான் பஸ் டியூட்டிக்குப் போனதும் பாப்பாவுக்குக் குடுக்க, ஒரு மாசமா பீச்சிச் சேத்து வெச்ச தாய்ப்பால்டா அது!"

'தம்பி' என்பது 'டா' ஆனதை யாரும் கவனிக்கவில்லை. கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் மகள் பசியில் வீறிட்டாள். மாமனார் தன் காலிக் கிண்ணத்தை மெல்ல மேசைக்கடியில் ஒளித்தார்.