கஹ்லாவின் காதோரம்

லஃப்தா தினமும் இரண்டு வேளை கைப்பேசியை எருமையின் கொம்பில் கட்டித் தொங்கவிடுவான். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள், பார்க்க யாராவது இருந்திருந்தால். சிபாயிஷ் சதுப்பு நிலத்தின் இந்தக் கோடியில் முன்பு நாற்பது வீடுகள் இருந்தன. இப்போது அவனுடைய நாணல் வீடு ஒன்றுதான் மிச்சம்.

"என்னடி கஹ்லா, தின்னியா?"

அவன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான், மணி திரும்ப அடிக்கும், கர்பலாவிலிருந்து அவன் மனைவி நஷ்மியாவின் குரல் எருமையின் காதோரம் கணீரென்று வரும். கஹ்லா உடனே காதை ஆட்டுவாள். லஃப்தா பால் கேனை இழுத்துப் போட்டுக்கொண்டு அடியில் உட்காருவான்.

"என் கறுப்பி, என் ராசாத்தி, மடியை இறுக்காதடி. உன் பக்கத்துல ஒரு பொக்கை வாய் மனுசன் உட்கார்ந்திருப்பான். அவன் மூஞ்சியப் பாத்து பயந்துராத. நான் முப்பது வருசம் பாத்தேன், ஒண்ணும் ஆயிடல."

மடி இளகும். பால் இறங்கும். போன வருடம் கன்று செத்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. கறந்து பழகிய நஷ்மியாவின் குரல் கேட்காவிட்டால் கஹ்லா ஒரு சொட்டுப் பால் விடமாட்டாள். லஃப்தாவும் பாடிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், அவளுடைய பழைய துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டுகூட உட்கார்ந்து பார்த்தான். கஹ்லா ஒரு உதை விட்டதில் முன்பல் மூன்று போனதுதான் மிச்சம்.

நஷ்மியா எருமையிடம்தான் பேசுவாள். புருஷனிடம் பேசமாட்டாள். இரண்டு வருடம் முன்பு, சட்டிபானைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, அவள் அவனுக்கு நேராக நின்று சொன்னாள்: "இந்தச் செத்த நிலத்தை விட்டு நீ கரையேறுற வரைக்கும் உன்னோட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்பாஸ் மேல ஆணை." கோபத்தில் கடவுள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் மறந்துபோகிறவர்கள் இங்கே உண்டு. அப்பாஸ் பெயரைச் சொன்னால் யாரும் மறப்பதில்லை. அதிலும் அவள் போய்க் குடியேறியது அந்தப் புண்ணியவான் அடங்கியிருக்கும் கர்பலாவிலேயே. மகன் முஹைசின் அங்கே செங்கல் சூளையில் வேலை பார்க்கிறான். ஆணையை மீற வழியே இல்லை.

அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் கஹ்லா இருந்தாள். அவன் கேட்க வேண்டியதை எருமையிடம் கேட்பான், அவள் சொல்ல வேண்டியதை எருமையிடம் சொல்வாள். தினமும் அந்த இருபது நிமிடங்கள் போக, மற்ற நேரத்தில் லஃப்தாவின் காதில் மனிதக் குரல் விழுவதே அபூர்வம். இதை அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கஹ்லாவுக்கு இருமல் வந்தாலே அன்றிரவு அவன் கொட்டிலிலேயே படுப்பான்.

"ஏண்டி, குருவி வந்துச்சா?" என்று நஷ்மியா கேட்பாள்.

நாணலுக்குள் கூடு கட்டும் சாம்பல் நிறச் சின்னக் குருவி அது. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். அது வந்தால் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும் என்பது நஷ்மியாவின் நம்பிக்கை.

"வந்துச்சுன்னு சொல்லு கஹ்லா. ரெண்டு கூடு இருக்குன்னு சொல்லு," என்பான் லஃப்தா, கூசாமல்.

இரண்டு வசந்தமாகக் குருவி வரவில்லை. எங்கே வரும்? கூடு கட்ட நாணல் வேண்டாமா, நாணல் நிற்கத் தண்ணீர் வேண்டாமா? மேலே மலைநாட்டுக்காரர்கள் அணைக்கு மேல் அணையாகக் கட்டினார்கள். மழை கையை விரித்துவிட்டது. வெயிலோ வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போய் ஜூலையில் ஐம்பது டிகிரியைத் தாண்டி நிற்கிறது. கிழக்கே எண்ணெய்க் கிணற்றுக்காரன் பகல் வெளிச்சத்திலேயே ஆகாயத்துக்குத் தீ காட்டிக்கொண்டிருக்கிறான், வானத்துக்குச் சூடு போதவில்லை என்கிற மாதிரி. லஃப்தா அவனை நாள் தவறாமல் திட்டுவான். பிறகு தன் படகு மோட்டாரும் இத்தனை வருடம் அதே எண்ணெயைத்தானே குடித்தது என்று நினைவு வரும், வாயை மூடிக்கொள்வான்.

மிச்சமிருந்த குட்டை உப்பாகிவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இதை மாட்டுக்குக் காட்டாதீங்க, கண்ணு போயிடும்," என்றாள். அவள் சொல்லும்போதே கஹ்லாவின் கண்ணில் பால் படர ஆரம்பித்திருந்தது. மை தீட்டினது மாதிரி கண் என்றுதான் நஷ்மியா அவளுக்கு அந்தப் பெயரே வைத்தாள். பனிக்காலம் முடிவதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. மற்ற எருமைகளில் சில செத்தன, சிலதை லஃப்தா கொடுத்துவிட்டான். கஹ்லாவுக்கு மட்டும் நெடுஞ்சாலைக்கு வரும் தண்ணீர் லாரியிலிருந்து தினமும் நல்ல தண்ணீர் சுமந்து வந்தான். குருட்டு எருமைக்கு அவ்வளவு சேவகம் எதற்கு என்று, பால் எடுக்க வண்டியோடு வரும் மச்சினன் ஷியால் கேட்டபோது, கைமர் ஏடு எடுக்க இந்தப் பால் மாதிரி வராது என்று சமாளித்தான். கைமராவது ஏடாவது. அவன் சுமந்தது நஷ்மியாவின் குரலுக்காக.

அன்றைக்கும் மத்தியானம் தண்ணீருக்குத்தான் போனான். கைப்பேசியை எடுத்துப் போகவில்லை. வாய்க்கால் வற்றி, படகு அதன் நடுவில் தரைதட்டிக் கிடந்தது. அதன் மூக்கில்தான் சூரியத் தகடு வைத்திருந்தான், கைப்பேசி அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, நாள் முழுக்க வெயில் விழும் இடம் அது. அங்கே நடந்துபோக நாணல் பாய் விரித்திருந்தான். பாயை விட்டுக் கால் வைத்தால் மேலே ஏடு கட்டின மண், கீழே ஆளை விழுங்கும் உளைச் சேறு. கஹ்லாவைக் கட்டவும் இல்லை. கண் தெரியாத மாடு எங்கே போய்விடப் போகிறது?

திரும்பி வந்தபோது கொட்டில் காலியாக இருந்தது. குளம்புத் தடம் வளைவு நெளிவு இல்லாமல் நேர்க்கோடாக வாய்க்காலுக்குப் போயிற்று. படகுக்கு நான்கடி தூரத்தில் கஹ்லா கழுத்துவரை உளையில் இருந்தாள். படகை எட்டுவதற்காக முகத்தை நீட்டியபடியே இருந்தாள்.

லஃப்தா பாய்மேல் ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். நஷ்மியாவிடமிருந்து ஏழு அழைப்புகள். இந்த இரண்டு வருடத்தில், அவன் மிஸ்டு கால் கொடுக்காமல் அவளாகக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. மணி அடித்தால் அம்மா குரல் வரும் என்று பழகின குருட்டுப் பிராணி, ஏழு தடவையும் மணியை நோக்கியே நடந்திருக்கிறது. அதே கைப்பேசியில் ஷியாலைக் கத்திக் கூப்பிட்டான்.

ஷியால் மூன்று சக்கர வண்டியோடும் வடக்கயிற்றோடும் வந்தான். இழுத்தார்கள். கயிறு அறுந்தது. மறுபடி இழுத்தார்கள். வெயில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"எப்படி மச்சான் இவ்வளவு தூரம் வந்தா?" என்றான் ஷியால், மூச்சு வாங்கியபடி.

"தெரியல," என்றான் லஃப்தா. "டேய், உங்க அக்காகிட்ட வாய் தவறிகூடச் சொல்லிராத."

"நான் எங்க மச்சான் சொல்லப்போறேன்! என் வாய்ல எது தங்காம போயிருக்கு?" என்றான். அவன் வாயில் எதுவும் தங்கியதாகச் சரித்திரமே இல்லை.

சாயங்காலம் கறவை நேரம் வந்தது. லஃப்தா காலிக் கொட்டிலில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிடாமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். உண்மையைச் சொன்னால் இனிமேல் அவள் யாரிடம் பேசுவாள்? ஒரு வார்த்தையும் கிடையாது, அப்பாஸ் மேல் ஆணை. அவன் கை தானாக மிஸ்டு கால் கொடுத்தது. மணி அடித்ததும் கைப்பேசியைக் கொட்டில் கம்பத்தில் தொங்கவிட்டான்.

"கஹ்லா! பேத்தி பிறந்திருக்காடி!" நஷ்மியா கூவினாள். "மத்தியானமே கூப்பிட்டேன், எவனும் எடுக்கல. நம்ம முஹைசினுக்குப் பொண்ணு! அப்படியே உன் நிறம், உன் கண்ணு!"

லஃப்தா கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். தாத்தா ஆனவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"என்னடி, மூச்சு விடுற சத்தமே காணோம்? அசை போடலையா?"

கைக்குக் கிடைத்த காய்ந்த நாணலை வாயில் திணித்துக்கொண்டு லஃப்தா கைப்பேசிக்குப் பக்கத்தில் சரக்சரக்கென்று மென்றான். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. மறுமுனையில் நஷ்மியா அதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"தின்னுடி, தின்னு," என்றாள் பிறகு, தணிந்த குரலில். "மெதுவாத் தின்னு. இருக்கிற பல்லையும் உடைச்சுக்காத."

பேசி முடித்த பிறகும் அந்தப் பேச்சிலேயே அவன் இருந்தான். பொய் பலித்துவிட்டது என்று நினைத்தான்.

மறுநாளும் மென்றான். அதற்கடுத்த நாளும். பகலில் கொட்டிலைக் கூட்டினான், இல்லாத எருமைக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தான். ஷியால் பாலுக்கு வராமல் வெறும் வண்டியோடு வந்து, அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். வாயாடி பேசாமல் போனது லஃப்தாவுக்கு என்னவோபோல் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் நஷ்மியா குருவியைப் பற்றிக் கேட்கவில்லை.

"கஹ்லா, கவனமாக் கேட்டுக்கோடி. நெடுஞ்சாலைல ஏறினா காலைல ஒன்பது மணிக்குக் கர்பலா பஸ் வரும். ஜன்னலோரம் உட்காராத, வெயில் அடிக்கும். கடைசி நிறுத்தம்வரைக்கும் வா. இறங்கினா எதிர்ல ஐஸ் கம்பெனி. அதை ஒட்டினாப்ல சந்து. நீலக் கதவு போட்ட வீடு. கதவு சிக்கும், தோளால ஒரு இடி இடி."

லஃப்தா மெல்லுவதை நிறுத்தினான். எருமைக்கு எதற்குப் பஸ்ஸும் ஜன்னலும்? கஹ்லாவின் வாயில் பல் எல்லாம் சரியாகத்தானே இருந்தது, இருக்கிற பல்லை உடைச்சுக்காதே என்று முதல் நாள் யாரிடம் சொன்னாள்? மென்றது யாரென்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே ஐந்து நாளும் காலிக் கொட்டிலோடு பேசியிருக்கிறாள். வாயிலிருந்த நாணலைத் துப்பிவிட்டு லஃப்தா குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கஹ்லா," என்றான் கடைசியில், "சந்துக்குள்ள போனா கதவு இடது பக்கமா, வலது பக்கமான்னு கேளு."

"இடது பக்கம்னு சொல்லுடி."

"குருவி வரலைன்னும் சொல்லு. ரெண்டு வருசமா வரலை. நான் பொய் சொன்னேன்."

"அது தெரியும்னு சொல்லுடி," என்றாள் நஷ்மியா.

அடுத்த நாள் காலையில் ஷியாலின் வண்டியில் ஏறினான். எடுத்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. துணிப்பை ஒன்று, கஹ்லாவின் கயிறு. நாணல் வீட்டுக்குப் பூட்டு கிடையாது, அப்படியே விட்டான். மேட்டில் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கினதும் ஷியால், "திரும்பிப் பாக்காதீங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லஃப்தா கைப்பேசியை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"நஷ்மியா, கரையேறிட்டேன்."

நஷ்மியா தொண்டையைச் செருமினாள். இவ்வளவு நாள் எருமையிடமே பேசினவளுக்குப் புருஷனிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பின்னால் ஒரு சிசு சிணுங்கியது.

"அன்னிக்கு மத்தியானம் நான் கூப்பிட்டேனே," என்றாள். "மணி அடிச்சது அவ காதுல விழுந்துச்சாய்யா?"

வெள்ளையாக உப்புப் பூத்த நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. லஃப்தா அந்தப் பக்கம் பார்த்தான்.

"விழுந்துச்சு," என்றான். "கேட்டதும் எந்திரிச்சு நேரா வந்தா."

"வந்தாளா!" அழுகையும் சிரிப்புமாக நஷ்மியா கூவினாள். "கழுதை, கண்ணு தெரியாமலே வந்தாளா!"

"வந்தா."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. இனி என்றைக்கும் சொல்லப்போவதும் இல்லை. பஸ் வந்து நின்றது. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினான்.