கம்பத்தின் மேல் ஒருவன்

பதினாறு வருஷமாகத் துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த ஆபரேட்டருக்கு மின்சாரத்தைக் கண்டு பயமில்லை. அவருக்குப் பயமெல்லாம் தன் பிரார்த்தனையைக் கண்டுதான். நான்கு வருஷமாக அவர் கடவுளிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுவந்தார்: "அவனை ஒரு நாள் என் கையில கொடு."

அவன் என்றால் நெட்டை. லைன்மேன். எந்தக் கூட்டத்திலும் ஒரு தலை உயரமாகத் தெரிவான். "லைன் ஆஃப்ல இருக்கு, ஏறு" என்று தன்னோடு வேலை பார்த்த ஆபரேட்டரின் தம்பியைக் கம்பத்தில் ஏற்றிவிட்டவன் அவன்தான். லைன் ஆஃபில் இல்லை. தம்பியின் வலது கை முழங்கைக்கு மேலே போயிற்று. விசாரணையில் நெட்டை, "நான் ஏறச் சொல்லவே இல்ல, அவனாத்தான் ஏறினான்" என்று கூசாமல் சொன்னான். தம்பியின் வேலையும் போயிற்று.

"பழி வாங்குறது கடவுள் பாடுங்க. அதுல நீங்க பங்கு கேக்காதீங்க" என்பாள் ஆபரேட்டரின் மனைவி. அவர் தலையாட்டுவார். அவர் கேட்டது பங்கையல்ல, முழுசையும்.

அன்று பகல் பதினொன்றரைக்கு போர்மேன் போன் செய்தார். பக்கத்துத் தெரு லைனில் பழுது பார்ப்பதற்காகக் காலையிலேயே சப்ளையை நிறுத்தியிருந்தார்கள்.

"ஆபரேட்டர் சார், வேலை முடிஞ்சுது. ஆளுங்க எல்லாரும் எறங்கியாச்சு. லைன் கொடுத்துடுங்க."

சொன்னதையும் சொன்ன நேரத்தையும் பதிவேட்டில் எழுதினார். சாவியைப் போட்டுத் திருப்பினார். ஸ்விட்சின் கைப்பிடியைப் பிடித்தபடி, பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

வேலிக்கு அப்பால், மூன்றாவது கம்பத்தின் உச்சியில் ஓர் ஆள் இருந்தான். மறந்துவிட்ட எதையோ எடுக்க மறுபடி ஏறியிருக்க வேண்டும். அந்த நீளக் கால்களை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

போர்மேன் இருந்தது தெரு வளைவுக்கு அந்தப் பக்கம். அவருக்கு இது தெரியாது. பதிவேட்டில் எல்லாரும் இறங்கிவிட்டதாகத்தான் இருக்கிறது. ஒரு திருப்பு திருப்பினால் போதும்; யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தம்பிக்கு நடந்தது அச்சுப் பிசகாமல் நெட்டைக்கும் நடக்கும்.

அவர் கை கைப்பிடியை விட்டு வரவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது, சரி. கொடுத்தது யார்? ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாதபடி இத்தனை கச்சிதமாக ஒரு கொலையைக் கடவுளா ஏற்பாடு செய்து கொடுப்பார்? அந்த அறையில் தன்னோடு வேறு யாரோ நிற்பதுபோல் பிடரி சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

போன் அலறியது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. அந்த அதிர்ச்சியில் கை அசைந்திருந்தால் என்று நினைத்ததும் உடம்பு வேர்த்துவிட்டது. இடது கையால் போனை எடுத்தார். இன்ஜினியர்.

"என்னய்யா, தூங்குறியா? தொழிற்சாலைக்காரங்க என் உயிரை எடுக்குறாங்க. போடுய்யா லைனை!"

உத்தரவும் வந்தாயிற்று. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அதுதான் அவரை இன்னும் மிரட்டியது.

"போட முடியாது சார்." "கம்பத்துல ஆள் இருக்கான்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை தளர்ந்தது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

"டேய், எறங்குடா! லைன் கொடுக்கச் சொல்லிட்டாங்க!"

நெட்டை குனிந்து பார்த்தான். கத்துவது யார் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டான்.

"போட்டுட்டீங்களா சார்? என்னை அசைய வச்சு, கம்பியில பட வைக்கத்தானே கூப்பிடுறீங்க?"

"போடல. இதோ பாரு, சாவி என்கிட்டதான் இருக்கு."

"நான் எறங்க மாட்டேன்!"

ஆபரேட்டர் கம்பத்தடியில் உட்கார்ந்தார். "இது இல்லாம யாராலயும் போட முடியாது. நீ எறங்குற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி இறங்கிய நெட்டை, தரையைத் தொட்டதும் மடங்கி விழுந்தான்.

"நான் மேல இருந்ததை எப்பப் பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "கைப்பிடியைப் பிடிச்சதும் பாத்தேன். உடனே கையை எடுக்கல. அதையும் தெரிஞ்சுக்கோ."

நெட்டை அவர் கையையே பார்த்தான். அப்புறம் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்த போர்மேன்தான் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மறுநாள் காலையில்தான் அண்ணனிடம் வந்தான்.

"உன் மேல கோபமா இருந்துச்சு அண்ணா. அப்புறம், அந்த ரூம்ல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். பயந்துட்டேன்."

"எனக்கு இன்னும் பயம் போகலடா."

அவர் நகர்ந்து இடம் விட்டார். தம்பி ஒட்டி உட்கார்ந்தான். வேலைக்கு நேரமாகிறது என்று மனைவி வந்து சொல்லும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.