வீடு பார்க்க வந்தவர்களுக்கு ஒரு ஜெபம்

இஸ்ரவேலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பழகிய உடம்பு. ஓய்வு பெற்ற பிறகும் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே, யாரோ டிக்கெட் எடுக்காமல் ஒளிந்திருப்பதுபோல, நடந்துகொண்டே இருப்பார். இந்த இரண்டு மாதமாக அந்த நடை ஓட்டமாகிவிட்டது. ஒருநாள் கையில் பெயின்ட் டப்பா, மறுநாள் ஸ்குரூ டிரைவர். ராத்திரி படுத்தாலும் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் செல்லபாய்க்காக. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, பூதப்பாண்டி தாண்டி உள்ளே இருக்கும் ஊருக்குப் பஸ்ஸில் திரும்ப வேண்டும். வரும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்வாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது படியிலேயே மயங்கிச் சரிந்தாள். "இந்த அலைச்சல் ஆகாது. மழைக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வந்துருங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் சின்னதாக ஒரு வீடு விலைக்கு வந்தது. அதை வாங்க இதை விற்க வேண்டும். வாடகைக்குப் போய்ச் சமாளிக்க அவருடைய பென்ஷன் போதாது. இந்த வீடு விற்றால் அவள் பிழைப்பாள் என்பதைத் தவிர அவர் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் பெபிஷா போனில் வழி சொன்னாள்.

"பெருசா ஒண்ணும் செய்யாண்டாம்ப்பா. வாறவங்க கண்ணுல முதல்ல படுகத மட்டும் சரி பண்ணுங்க. பெயின்ட், லைட்டு, பைப்பு, பாத்ரூம் கதவு. அது போதும்."

அதற்கு ஏற்ற வீடியோக்களையும் அனுப்பினாள். இஸ்ரவேல் வேதபாடம் படிப்பதுபோல உட்கார்ந்து பார்த்தார், பாதியில் எழுந்து வேலையை ஆரம்பித்தார். துருப்பிடித்த கேட்டுக்குக் கறுப்பு அடித்தார். ஒழுகிய குழாய்களை மாற்றினார். மஞ்சள் பல்புகளைக் கழற்றி வெள்ளை விளக்குகள் போட்டார். மொசைக் தரையை ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் தரை வெளுத்ததோ இல்லையோ, அவர் விரல்கள் வெளுத்தன. பின்பக்கம் வயலை ஒட்டியிருந்த கோழிக்கூட்டைப் பிரித்து, அந்த இடத்தில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தார்.

கூடத்துத் தெற்குச் சுவர்தான் மானத்தை வாங்கியது. ஒவ்வொரு மழைக்கும் நீர் ஊறி, எத்தனை பூச்சு பூசினாலும் அப்பளம்போலப் பொரிந்துவிடும். அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் பலகைகளை வரிசையாக அறைந்து மூடிவிட்டார். தன் வேலையைத் தானே தள்ளி நின்று ரசித்தார்.

செல்லபாய் நாற்காலியில் இருந்தபடி பார்த்தாள். "சொவருக்குச் சட்டை போட்டாச்சு. உள்ள இருக்க செரங்கு போயிருமா?"

"நீ பேயாம இரிட்டி."

அவள் பேசாமல் இருக்கிறவளா?

புரோக்கர் அனில்குமார் முதலில் ஒரு பாங்க்காரத் தம்பதியைக் கூட்டிவந்தான். அவர்களுக்குக் கேட் பிடித்தது, விளக்கு பிடித்தது, குரோட்டன்ஸ்கூடப் பிடித்தது. அந்த அம்மா பலகையைத் தடவிப் பார்த்து, "நல்ல மாடர்னா இருக்கு" என்றாள். இஸ்ரவேலுக்குத் தலை கால் புரியவில்லை. அவர்கள் கிளம்பும்போதுதான் செல்லபாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வந்தவங்க சும்மா போவப்பிடாது. ஒரு வார்த்த ஜெபம் பண்ணிட்டுப் போலாம்."

அந்தப் பக்கத்துச் சபைக்கார வீடுகளில் அது வழக்கம்தான். சொந்தக்காரன் வந்தாலும் இன்ஷூரன்ஸ்காரன் வந்தாலும் காப்பிக்குப் பிறகு ஒரு ஜெபம் உண்டு. எந்த மதத்துக்காரராக இருந்தாலும் மரியாதைக்குக் கைகூப்பி நிற்பார்கள். பெண்கள் சங்கத்தில் செல்லபாய் ஜெபத்துக்குப் பேர் போனவள். அவள் கண்ணை மூடினால் ஊர்ச்செய்தி ஒன்றுவிடாமல் பரலோகத்துக்குப் போய்ச் சேரும்.

"அன்பும் இரக்கமும் உள்ள பரம பிதாவே, உம்மைத் துதிக்கிறோம்" என்று அழகாகத்தான் ஆரம்பித்தாள். "இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும். இவங்களுக்கு நல்ல வீட்டைக் கொடும். இந்த வீட்டுக்க தெக்குச் சொவருல மழைக்கு வெள்ளம் ஊறுகது உமக்குத் தெரியும் ஆண்டவரே. அந்தப் பலகைக்க பொறத்த என்ன இருக்குன்னு நீர் அறிவீர். அடுக்களையில மூணு எடத்துல ஒழுகுகதையும் அறிவீர். ஐப்பசி மழையில கக்கூஸ் குழி நெறஞ்சு எதுக்களிக்கும்போ, இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தாரும்..."

இஸ்ரவேல் ஒரு கண்ணைத் திறந்தார். பாங்க்கார அம்மா இரண்டு கண்ணையும் திறந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை.

"ஏட்டி, நீ ஜெபம் பண்ணினியா, வீட்டுக்க குத்தம் சொன்னியா?"

"கண்ண மூடிட்டு எனக்குப் பொய் சொல்ல வராது."

"ஆரு பொய் சொல்லச் சொன்னா? சொல்லாம இருந்தாப் போதும்லா."

"அவருக்குத் தெரியாததா? சொன்னா என்ன?"

இஸ்ரவேல் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக் கூரைக்கு ஏறினார். அவள் ஜெபத்தில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். ஒழுகலை அடைத்தார், குழியைச் சுத்தம் பண்ண ஆள் வைத்தார். தெற்குச் சுவர் மட்டும்தான் அவர் கைக்கு அடங்கவில்லை. அடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். செல்லபாய் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்தாள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் சிவப்பாவதையும், வயல் வழியாகப் பாம்பு வருவதையும் கர்த்தரிடம் விளக்கமாக எடுத்துச் சொன்னாள். வாத்தியார் ஆமென் சொல்லக்கூட நிற்கவில்லை.

அனில்குமார் கேட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டான். "ஓய், ஒமக்க வீட்டம்மா இல்லாத நாளாப் பாத்துச் சொல்லும். ஆஸ்பத்திரிக்குப் போற அண்ணைக்கு ஆளைக் கூட்டிட்டு வாறேன்."

அது எப்படி முடியும்? அவள் போகிற நாளெல்லாம் கூடப் போகிறவர் அவர்தானே.

அந்த வாரம் பஸ்ஸில் திரும்பும்போது, தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு, கேட்டேவிட்டார். "ஒனக்கு வீட்ட விக்க மனசில்ல. அதானே?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நான் இன்னும் எத்தன நாளைக்கு? எனக்காவ இத வித்துட்டு, நான் போனபொறவு நீங்க டவுணுல அந்தக் குச்சுக்குள்ள ஆளும் பேருமில்லாமக் கெடக்கவா? இஞ்சன்னா சபை உண்டு. அடுத்த வீட்டுல கஞ்சி குடுக்க ஆளுண்டு."

இஸ்ரவேலுக்கு நெஞ்சு எரிந்தது. கோபமா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏற்கெனவே அடித்த கேட்டுக்கு மறுபடியும் பெயின்ட் அடித்தார்.

ஆவணி முடியப்போகிற நேரத்தில் சுயம்புலிங்கமும் அவர் மனைவி பகவதியும் வந்தார்கள். தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. குழாயைத் திறந்து மூடினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். இஸ்ரவேல் அவர்கள் பின்னாலேயே அலைந்தார். காப்பி முடிந்தது. செல்லபாயின் கை முந்தானைக்குப் போனது.

"இண்ணைக்கு நான் பண்ணுகேன்" என்று இஸ்ரவேல் குறுக்கே விழுந்தார்.

செல்லபாய் கை அப்படியே நின்றது. கல்யாணமான நாள் முதல் அந்த மனுஷன் வாய்விட்டு ஜெபம் பண்ணி அவள் கேட்டதில்லை. சபைக் கோவிலில்கூட மற்றவர்கள் ஜெபிக்கும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்.

இரண்டே வரி என்று இஸ்ரவேல் முடிவுபண்ணியிருந்தார். ஆசீர்வதியும், ஆமென். வந்தவர்கள் ஓடிவிடாமல் அனுப்பிவைக்க அது போதும்.

"ஆண்டவரே, இவங்கள ஆசீர்வதியும். இவங்க தொழில ஆசீர்வதியும்." அதோடு முடித்திருக்க வேண்டும். ஆமென் வரவில்லை. மூடிய கண்ணுக்குள் பஸ் ஜன்னல்தான் வந்தது.

"ஆண்டவரே, இவ பஸ்ஸுல கம்பியில தல வச்சு வரும்போ, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நான் மூக்குல வெரல வச்சுப் பாக்கேன். மூச்சு வருதான்னு பாக்கேன். டிரைவரு பெல்லு கேக்காம எடுத்தாக்கூட எனக்கு உசிரு போவுது. அந்தப் பலகைக்க பொறத்த ஈரம்தான். மறைச்சது நானாக்கும். எனக்கு வேற வழி தெரியல்ல. நான் ஒத்தைக்கு ஆயிருவேன்னு பயந்து இவ விக்க விடமாட்டேங்கா. இவ இல்லாத வீட்டுல நான் எந்தச் சொவருக்கு வெள்ள அடிக்க? ஆருக்குக் கொழாய் மாத்த? எனக்கு வீடு வேண்டாம். இவ இன்னும் கொஞ்சநாள் இருக்கணும். அவ்வளவுதான் ஆண்டவரே. அவ்வளவுதான்."

ஆமென் சொல்லவும் மறந்துவிட்டார். கண்ணைத் திறக்கவும் வெட்கமாக இருந்தது. இருந்த ஒரு கிராக்கியையும் தன் வாயாலேயே கெடுத்தாயிற்று என்று தோன்றியது. பகவதி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, அந்தப் பலகையில ரெண்டக் கழத்துங்க. ஈரம் எம்புட்டுன்னு பாத்துருவோம்."

இஸ்ரவேல் ஸ்குரூ டிரைவரைத் தேடினார். எடுக்கும்போது அது கை தவறி மேஜைக்கு அடியில் உருண்டது. அதற்குள் செல்லபாய் எழுந்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பலகை அருகே போய் நின்றாள். முகம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

"இஞ்ச வாங்கம்மா" என்று பகவதியைக் கூப்பிட்டாள். "ஈரம் எனக்க இடுப்பு ஒசரத்துக்கு மேல ஏறாது. வெளிய ஒரு சாய்ப்பு எறக்கி, சாரல் அடிக்காமப் பாத்துக்கிட்டா நிண்ணுரும். நான் வருஷக்கணக்காச் சொல்லுகேன், இவரு பெயின்ட்ட விட்டு எறங்கமாட்டாரு."

"கெணறு செவக்குமோ?" என்றாள் பகவதி.

"கோடையில கொஞ்சநாளு. சேறு வாரிப்போட்டா தெளிஞ்சிரும். நல்ல ருசியுள்ள வெள்ளம். எனக்க மக அதக் குடிச்சுத்தான் வளந்தா. அடுக்களைக்கு வாங்க, காலைல வெயிலு எப்படி வரும்னு சொல்லுகேன். பூ கட்ட ஒங்களுக்கு அங்க நல்ல வெளிச்சம் கிட்டும்."

அனில்குமார் வாயைப் பிளந்து நின்றான். இந்த வீட்டை இப்படி விற்கலாம் என்று அவனுக்கு இதுவரை தோன்றவில்லை. செல்லபாய் மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த ஜன்னலில் வயல்காற்று வரும் என்று எல்லாம் சொன்னாள். இஸ்ரவேலுக்கு அவளைத் தடுத்து உட்காரவைக்க வேண்டும்போலவும் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போலவும் இருந்தது.

சுயம்புலிங்கம் ஈரச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பகவதி தலையை அசைத்தாள்.

"எப்ப ஒழிஞ்சு தருவீங்க?" என்று அவர் கேட்டார்.

இஸ்ரவேல் செல்லபாயைப் பார்த்தார். செல்லபாய்தான் பதில் சொன்னாள்.

"மழைக்கு முந்தி போயிருவோம். ரெண்டு பேருக்க சாமான்தானே, ஒரு வண்டிக்குள்ள அடங்கிரும்."