முதல் பறிப்பு

சித்திரையில் இடிக்க வேண்டிய இடி ஆடிக் கடைசியில் வந்து இடித்தது. பலாங்கொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்று மாதமாகக் கொழுந்து கருகிக் கிடந்த மலைக்கு மழை வந்ததே பெரிய காரியம் என்று இருந்தார்கள். வானத்துக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, இப்போதெல்லாம் வெயில் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, மழை கொட்டினால் மலையையே பெயர்த்துக்கொண்டு வருகிறது. போன கார்த்திகையில் அப்படித்தான் டர்பன்டைன் என்று சொல்கிற பைன் மரக் காட்டில் பாதி சரிந்து தேயிலைக்குள் வந்து விழுந்தது.

இந்திராணி மட்டும் இடி கேட்டதும் விரல் மடக்கி நாள் எண்ணத் தொடங்கினாள். இடி இடித்து ஒன்பதாம் நாள் காளான் வரும். ஏழாம் நம்பர் மலையின் மூலையில் ஒரு கறையான் புற்று இருக்கிறது. பதினோரு வருடமாக அவள் அங்கேதான் பறிக்கிறாள். காளான் வருகிற இடத்தை வாய்விட்டுச் சொன்னால் மறு வருடம் வராது என்பதால் புருஷன் உதயராஜுக்குக்கூட அந்த இடம் தெரியாது. இன்னும் இரண்டு முறைமை உண்டு. பறித்ததும் அடித்தண்டை அங்கேயே நறுக்கிப் புற்றுக்குள் போட்டு மண் மூட வேண்டும். வேரைத் திருப்பிக் கொடுத்தால்தான் புற்று மறுபடியும் தரும். முதல் பறிப்பைத் தன் வீட்டில் சமைக்கக் கூடாது, மனசுக்கு வேண்டிய ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

மனசுக்கு வேண்டிய வீடு என்றால் அவளுக்குக் கைருன்னிஸாவின் வீடுதான். கீழே கடைத்தெருவில் அவள் புருஷன் ஜுனைதீன் நானாவின் பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. பதினோரு வருடத்துக்கு முன் இந்திராணிக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போனபோது தோட்டத்து லொறி ஓடவில்லை. கைருன்னிஸாதான் கடை வேனில் அவளை ஏற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். அந்த வருடம் தொடங்கி முதல் பறிப்பு அந்த வீட்டுக்குத்தான்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன், பனி கலையாத நேரத்தில், இந்திராணி புற்றுக்குப் போனாள். இருந்தன. வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டமே நின்றது. சித்திரையில் ஏமாந்தவளுக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. வழக்கம்போல பன்னைப் புதருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்தாள். புற்றுக் காளானுக்கு ஒரு முழ நீளத்துக்கு வேர் போகும், மெதுவாக இழுக்க இழுக்க மண்ணுக்குள் இருந்து வழுக்கிக்கொண்டு வரும். இவை இழுத்ததும் பொசுக்கென்று கையோடு வந்தன. மழை மண்ணை அரித்திருக்கும், அதனால் வேர் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அரை வெளிச்சத்தில் அடியை யார் உற்றுப் பார்த்தார்கள்? நறுக்கிப் போட்டு, மண் மூடி, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாழையிலையில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கைருன்னிஸா பொதியை வாங்கி முகர்ந்து பார்த்து, இந்த வருசம் மறந்துட்டியோ எண்டு நெனச்சேன் என்று சிரித்தாள்.

பதினொன்றரைக்குக் கொழுந்து நிறுக்க வந்தபோதுதான் அது நடந்தது. இந்திராணி இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை உதறினாள். மடிப்புக்குள் சிக்கியிருந்த ஒரு காளான் கீழே விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

புற்றுக் காளானைக் காலையில் பறித்தால் மத்தியானத்துக்குள் அடிப்பக்க மடிப்பெல்லாம் லேசான ரோசா நிறத்துக்கு வந்துவிடும். இது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகவே இருந்தது. தண்டில் கிழிந்த துணி போல ஒரு வளையம். புற்றுக் காளானில் அவள் இப்படி ஒரு வளையத்தைப் பார்த்ததே இல்லை.

அவள் அந்தக் காளானைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். கங்காணி இந்திரகுமாரிடம் போய், அவசரம், நான் போகணும் என்றாள். அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான் என்று அவன் சொல்லி முடிக்குமுன் அவள் பாதி மலை இறங்கியிருந்தாள். மலையில் சிக்னல் கிடையாது. பாலத்தடியில் வந்துதான் போனில் கோடு விழுந்தது. கைருன்னிஸாவை மூன்று தரம் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பிடுவார், அவர் வராமல் கைருன்னிஸா அக்காவும் சாப்பிட மாட்டாள். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கடவுளே, சோறு இன்னும் வயிற்றில் இறங்கியிருக்கக் கூடாது, இன்னும் இறங்கியிருக்கக் கூடாது.

கைருன்னிஸா குசினியில் இருந்தாள். போன் முன்னறையில் கிடந்திருக்கிறது. அடுப்பு மேலே சட்டியில் காளான் கறி, தேங்காய்ப்பால் விட்டு மஞ்சளாக வைத்திருந்தாள்.

"அக்கா, அதை யாராச்சும் சாப்பிட்டீங்களா?"

"அம்ரா மட்டும் பத்து மணிக்கு ரொட்டியோட திண்டுட்டு கிளாசுக்குப் போனா. ஏன் புள்ள, மூச்சு வாங்குற?"

"அது வேற காளான் அக்கா. நான் தெரியாம குடுத்துட்டேன்."

கைருன்னிஸா முதலில் நம்பவில்லை. பூண்டும் மஞ்சளும் போட்டுத்தான் சமைத்தேன், நஞ்சு என்றால் பூண்டு கறுத்திருக்குமே என்று அகப்பையால் கிளறிக் காட்டினாள். பூண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்திராணியும் அப்படித்தான் இத்தனை வருடம் நம்பியிருந்தாள். ஆனால் கையில் இருந்த காளானைப் பார்க்கப் பார்க்க அந்த நம்பிக்கை போய்விட்டது. அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். கைருன்னிஸா அகப்பையைப் போட்டுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அம்ராவுக்குப் பதினெட்டு வயது, அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. த்ரீவீலரில் போய் டவுனில் கிளாஸ் நடக்கிற மாடியில் இருந்து இறக்கினார்கள். எனக்கு ஒண்டும் இல்ல உம்மா என்று அவள் சிரித்தாள். கறி ருசியாக இருந்தது, இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் இருந்தார். இந்திராணி சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பதைத்தான். பத்து மணி. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட்டுச் சீக்கிரமே வாந்தி வந்தால் பெரும்பாலும் பயமில்லை, ஆறு மணித்தியாலம் கழித்து வந்தால்தான் பயம், அது ஈரலைப் பிடிக்கிற சாதியாக இருக்கும் என்றார். நஞ்சை உறிஞ்சப் பிள்ளைக்குக் கரி கரைத்துக் கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நாலு மணிக்கு முன்னால் வாந்தி வரட்டும் என்று பெற்றவளே கையேந்தி துஆ கேட்டதை இந்திராணி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கை துஆவுக்கு, மற்றக் கை இந்திராணியின் கையில். அவ்வளவு நேரமும் கைருன்னிஸா அந்தக் கையை விடவே இல்லை.

கொண்டுவந்த காளானை டொக்டர் புரட்டிப் பார்த்தார். அடித்தண்டு எங்கே என்றார். நறுக்கிவிட்டேன் என்றாள். அடிப்பக்கம் இருந்தால்தான் இது எந்தச் சாதி என்று கொழும்புக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம், ஏன் நறுக்கினாய் என்று கேட்டார். முறைமை என்று சொல்ல வாய் வரவில்லை. போய்க் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அதே த்ரீவீலரில் திரும்பிப் போய், பாலத்தடியில் இறங்கி, மலை ஏறினாள். புற்றுக்கு வந்தபோது மூன்று மணி. பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை அவள் இந்த வருடம் இப்போதுதான் பார்க்கிறாள். சரிந்து வந்த மண் புற்றைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. அது இந்த மலையின் செம்மண்ணே இல்லை. கறுப்பாக, டர்பன்டைன் ஊசியிலையும் வேருமாகப் பிணைந்து கிடந்தது, மேலே காட்டில் இருந்து வந்த மண். விரலால் தோண்டினாள். காலையில் மூடிய அடித்தண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியும் முட்டை மாதிரி உருண்டு, கிழிந்த பைக்குள் உட்கார்ந்திருந்தது. நீள வேர் ஒன்றுக்கும் இல்லை.

இன்னும் கீழே தோண்டிப் பார்த்தாள். புற்றின் அறைகள் ஈரத்தில் இடிந்து கிடந்தன. ஒரு கறையான்கூட இல்லை. கறையான் இல்லாத புற்றில் அந்தக் காளான் எப்படி வரும்? எட்டு மாதத்துக்கு முன்னாலேயே செத்துப்போன புற்றைத்தான் அவள் காலையில் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கப் பயமாக இருந்தது. பக்கத்துச் செடியடியில், வாய்க்கால் ஓரத்தில், அந்தச் சரிந்த மண் போன இடமெல்லாம் வெள்ளைக் குடைகள் நின்றன. தெரிந்த மலை என்று இனி எதை நம்புவது?

தண்டுகளைப் படங்கில் சுற்றிக்கொண்டு இறங்கிப் பாலத்தடிக்கு வந்தபோது உதயராஜ் போன் பண்ணினான். விசயம் லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டது, கடைத்தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் பேசுகிறார்கள் என்றான்.

"நாமளும் சாப்பிட்டோம்னு சொல்லிரு. ஆளுக்கு ஒரு வாய்னு சொல்லு. இல்லாட்டி நாளைக்கு நம்மள என்னான்னு நெனப்பாங்க?"

அவள் போனை வைத்துவிட்டுக் காத்திருந்த த்ரீவீலரில் ஏறினாள். ஆனால் அது மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் என்று சொன்னால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தாகியிருந்தது. அம்ரா கட்டிலில் உட்கார்ந்து பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டொக்டர் தண்டுகளைப் பார்த்தார், போனில் படம் பிடித்தார், கொழும்புக்கு அனுப்ப உள்ளே போனார். ஐந்தரைக்கு அம்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதலில் வாந்தி, பிறகு நிற்காமல் வயிற்றோட்டம். அரை மணித்தியாலத்தில் அந்தச் சிரித்த முகம் வற்றிப்போயிற்று. டொக்டர் வெளியே வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், அம்புலன்ஸ் வருகிறது என்றார். பிழைப்பாளா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வாசலில் அம்புலன்ஸில் பிள்ளையை ஏற்றும்போது, ஜும்ஆ முடிந்து கடையைக்கூடத் திறக்காமல் ஓடிவந்திருந்த ஜுனைதீன் நானா இந்திராணியின் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். கோபம் கொஞ்சமும் இல்லை அந்த முகத்தில்.

"ஒங்கட புள்ளைகளையும் இப்பவே கொண்டுவந்து காட்டுங்க, தங்கச்சி. சுணங்க வாணாம்."

நாங்களும் ஒரு வாய் என்று சொல்ல இந்திராணி வாய் திறந்தாள். அந்த மனுசன் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டே அவள் பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறார். அவரிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"எங்க வீட்ல சாப்பிடல, நானா."

கைருன்னிஸா அம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். ஒரு கையால் இந்திராணியைப் பிடித்திருந்தாள், கூட ஏற்றிக்கொண்டு போக.

"ஒரு வாய்கூட திண்டு பாக்கலியா, புள்ள?"

"மொத பறிப்ப நாங்க திங்க மாட்டோம்க்கா. ஒங்களுக்குன்னுதான் வச்சது."

சொல்லி முடித்த பிறகுதான், நஞ்சை அவர்களுக்கென்றே வைத்தது போல அது அவள் காதிலேயே விழுந்தது. இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. பதினோரு வருடம், வேன், மடி, அந்த இரத்தம். கைருன்னிஸா அவளைத் திட்டவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கையை எடுத்துக்கொண்டு, உள்ளே ஏறி, பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நானா ஏறினார். கதவைச் சாத்தினார்கள்.